மூன்றாவது அளவு

கிளமெண்ட் சாரிடம் போய் அளவு கேட்டால் சும்மா விடுவாரா? ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு முனை என்று முப்பத்தொரு வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். அன்று விடியற்காலையில் மனைவி பிலோமினாள் கண்ணை மூடியிருந்தாள். சிம்மக்கல்லில் சவப்பெட்டி செய்யும் விருமாண்டி போனில் அளவு கேட்டதும், வகுப்பெடுப்பதுபோலச் சொன்னார்.

“நீளம் அஞ்சே கால் அடி. அகலம் ரெண்டு. உயரம் ஒண்ணே கால். கனச்செவ்வகம்ப்பா, மூணு அளவு போதும்.”

“சார், ஒருக்கா ஆளை அளந்துட்டுச் சொன்னா நல்லது.”

“முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

இரண்டு மணிக்கு அவனியாபுரத்து வீட்டில் விருமாண்டியே பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். பிலோமினாளை உள்ளே கிடத்தினார்கள். மூடியை வைத்தால் உட்காரவில்லை. பக்கவாதத்தில் மூன்று வருடம் படுக்கையில் கிடந்ததில் அவள் முழங்கால்கள் மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. போர்வைக்கு வெளியே தெரியும் முகத்தோடு சரி, அதற்குக் கீழே சார் பார்த்ததில்லை. தினமும் துடைத்துவிட்டு, துணி மாற்றி, எல்லாம் செய்தவள் மகள் ஆஷ்லின். அவளிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கே கேட்டார்!

நாலு மணிக்குக் கோயிலில் பூசை. பிலோமினாளின் தம்பி ஜூடு சட்டைக் கையை மடக்கினார்.

“மச்சான், ரெண்டு பேரு சேந்து அமுக்குனா படிஞ்சிரும்.”

“யாரும் தொடாதீங்க!” ஆஷ்லின் பெட்டிமேல் குறுக்கே விழுந்தாள். “ஒருக்கா காலை நீட்டப் பாத்ததுக்கே அம்மா எம்புட்டு அலறுச்சு தெரியுமா மாமா?”

“இப்ப வலிக்காதும்மா.”

“வலிக்கும்,” என்றார் கிளமெண்ட் சார். விருமாண்டியிடம் டேப்பை வாங்கி, முழங்கால் உயரத்தை அளந்தார். ஒன்றரை அடிக்கும் மேலே இருந்தது. “உயரம் பத்தாது. அகலம் பத்தும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருவோம்.”

முகம் மேலே பார்க்க வைப்பதுதான் முறை என்று ஜெபம் சொல்ல வந்த பெரியவர் முணுமுணுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

“எந்தப் பக்கம்மா திருப்பணும்?” என்று மகளிடம் கேட்டார் சார்.

“இடது பக்கம்ப்பா. எப்பவும் அப்படித்தான் கிடக்கும். வலது பக்கம் திருப்பிவிட்டா முனகிக்கிட்டே கிடக்கும். இடது பக்கம்தானே நீங்க சேர் போட்டு டியூசன் பேப்பர் திருத்துவீங்க.”

அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததெல்லாம் கட்டிலுக்கு முதுகைக் காட்டித்தான். ஜன்னல் வெளிச்சத்துக்காக அப்படி. மூன்று வருடம் அவள் பார்த்துக்கொண்டு கிடந்தது அவர் முதுகை. பாவி, ஒரு நாள் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா?

அவளைத் திருப்பிப் படுக்க வைத்ததும் கிளமெண்ட் சார் பெட்டிக்கு இடப்பக்கம் தரையில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேரே குனிந்தார்.

“பிலோமி, திரும்பிட்டேன். இங்க பாரு.”

விருமாண்டி மூடியை எடுத்து வைத்தார். இந்த முறை சரியாக உட்கார்ந்தது.