வெள்ளிக்கிழமை இரவு பதினொன்று நாற்பது

மேல்விஷாரத்தில் இஷ்தியாக் அகமதுவின் தோல் பதனிடும் டேனரிக்குள் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு பென்டிரைவாக நுழைந்தது. கொண்டுவந்தவன் சுஹேல் அகமது. பெங்களூரில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அந்த வேலைக்குத் தன்னை வைத்துக்கொள்ளும் தகுதியில்லை என்று கண்டுபிடித்துத் திரும்பியவன். இஷ்தியாக்கின் தங்கை மகன். அதைவிட முக்கியமாக, அவருடைய மகள் இஃப்ராவை அடுத்த மாதம் நிக்காஹ் செய்யவிருந்தவன். ஆகவே அவன் சொல்வதைக் கவனமாகக் கேட்பதும், புரியாத இடங்களில் கூடுதலாகத் தலையசைப்பதும் இஷ்தியாக்கின் கடமைகளாயின.

“மாமு, நம்ம கம்ப்யூட்டர் இப்ப எவனோ சொல்றதைத்தான் கேக்குது. லினக்ஸ் போட்டா நம்ம பேச்சைக் கேக்கும்.”

“இப்பவும் நான் கேட்ட பிரின்ட்டை எடுத்துக் குடுக்குதேப்பா.”

“அது அடிமைத்தனம் மாமு. உங்களுக்குப் பழகிப்போச்சு, தெரியல.”

இஷ்தியாக் வியாபாரி. புதுச் சாயம் விற்க வருபவன் எத்தனை இனிமையாகப் பேசினாலும் முதலில் நான்கு தோலில் போட்டுப் பார்ப்பார். தோலைச் சாயத்தில் உருட்டும் டிரம் நிறையப் போடமாட்டார். அடிமைத்தனத்திலிருந்து விடுபடுவதற்கும் அவரிடம் அதே முறைதான் இருந்தது.

“விண்டோஸை எடுக்காத. பக்கத்துலயே இதையும் வை, சாம்பிள் மாதிரி. புடிக்கலன்னா கழட்டிடலாம்.”

புரட்சியைச் சாம்பிளாகக் கேட்கிறார்களே என்று சுஹேலுக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டான். மாமாவிடம் நிக்காஹ் முடியும்வரை எதையும் மறுக்கும் நிலையில் அவனும் இல்லை.

அலுவலகத்தில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். வாரம் முழுவதும் அதன்முன் முபஷ்ஷிரா உட்கார்ந்திருப்பாள். லண்டனில் உள்ள தோல் வாங்கும் கம்பெனியோடு கடிதப் போக்குவரத்து நடத்துவதிலிருந்து வருகைப் பதிவைப் பார்ப்பதுவரை அவள் பொறுப்பு. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நாள் வெள்ளிக்கிழமை மட்டுமே. அன்று டேனரிக்கு வார விடுமுறை. மூன்று தலைமுறையாக அந்த வளாகத்தில் வெள்ளிக்கிழமை டிரம் சுற்றியதில்லை என்பதை இஷ்தியாக், கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும் சொல்லிவந்தார். மார்க்கப்படி மாலை மஃரிப் தொழுகையோடு நாள் மாறிவிடுகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் கம்பெனியின் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை விடியும்வரை நீளும் என்பது அவருடைய பாட்டனார் வைத்த சட்டம்.

ஆக, டிசம்பரின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து பிரியாணியும் செரித்த பிறகு, சுஹேல் கம்ப்யூட்டரை விடுவித்தான். விடுதலை மூன்று மணி நேரம் எடுத்தது. அதன்பின் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் லினக்ஸுக்கு இரண்டு, விண்டோஸுக்கு ஒன்று என மூன்று வரிகள் வந்து, எது வேண்டும் என்று கேட்டு நின்றன. விடியற்காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிடும் வாட்ச்மேன் ரத்தினசாமிக்காக ஒரு சீட்டும் திரையோரத்தில் ஒட்டப்பட்டது: ‘கீழ் அம்பு இரண்டு முறை. பிறகு என்டர்.’ சுதந்திரம் இயல்பாகவே மேலே இருந்தது. வேலை நடக்கவேண்டுமென்றால் இரண்டு படி இறங்கவேண்டும்.

அடுத்தடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் சுஹேல் வந்தான். ஒருமுறை எழுத்துருவை மாற்றினான். ஒருமுறை திரையின் பின்னணியில் பனிமலை ஒன்றை வைத்தான். ஒருமுறை ஒலி வரவில்லை என்று மாலைவரை போராடி, ஒலியை வரவழைத்து, ஒலி தேவைப்படும் வேலை எதுவும் அங்கே இல்லாததால் அணைத்துவிட்டுப் போனான். சனிக்கிழமை முதல் வியாழன்வரை முபஷ்ஷிரா விண்டோஸில் வேலை பார்த்தாள். சாம்பிள், சாம்பிளாகவே இருந்தது.

மாதம் முடிந்தது. முபஷ்ஷிரா வழக்கம்போல் வருகை அறிக்கையை அச்சிட்டு, வழக்கம்போல் படிக்காமல் முதலாளியின் மேசையில் வைத்தாள். வழக்கத்துக்கு மாறாக இஷ்தியாக் அதைப் படித்தார். நான்கு வரிகள் சிவப்பில் இருந்தன. நான்கும் பச்சையப்பனுடையவை.

பச்சையப்பன் டிரம் ஆள். இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்களுக்கு முன்னால் வந்து, சாய டிரம்மை ஓட்டிவிட்டு, மதியம் இரண்டுக்குத் தோலை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறவர். வந்ததும் கம்ப்யூட்டரோடு இணைத்த சிறு பெட்டியில் விரலை வைப்பார். பச்சை விளக்கு எரிந்ததும் போய்விடுவார். அந்த விளக்குக்கு மேல் அவர் எதையும் பார்த்ததில்லை. இப்போது அறிக்கை சொன்னது: நான்கு வெள்ளிக்கிழமைகளில், இரவு பதினொன்று நாற்பது வாக்கில் பச்சையப்பன் உள்ளே வந்திருக்கிறார், மறுநாள் மதியம் இரண்டுக்கு வெளியே போயிருக்கிறார்.

ஒரு பிரதியை வாசிப்பவர் தம் அச்சங்களைக் கொண்டே அதை வாசிக்கிறார் என்பதற்கு இஷ்தியாக்கைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அந்த நான்கு வரிகளில் அவர் ஒரு முழு நாவலை வாசித்துவிட்டார். விடுமுறை இரவு, ஆளில்லாத டேனரி, யாரோ வெளி ஆளுடைய தோல், தம்முடைய டிரம், தம்முடைய சாயம், தம்முடைய கரண்ட். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று தலைமுறையாகச் சுற்றாத டிரம் வெள்ளிக்கிழமை சுற்றியிருக்கிறது. அந்தப் பிரதியின் ஆசிரியர் யார், அவர் நம்பத் தகுந்தவரா என்று மட்டும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் எழுதியதற்கு ஆசிரியர் ஏது.

திங்கட்கிழமை காலை விசாரணை வைக்கப்பட்டது. பச்சையப்பன் சாயக் கையோடு வந்து நின்றார். ரத்தினசாமி அவருக்கு ஓரடி தள்ளி, உடந்தையாளருக்குரிய இடத்தில் நின்றார். சுஹேல் நாற்காலியில் இருந்தான்.

“ராத்திரி இங்க இன்னா வேலை பச்சையப்பா?”

“எந்த ராத்திரி மொதலாளி?”

“நாலு ராத்திரி. நாலும் வெள்ளிக்கெழம.”

“ஊட்ல தூங்கினு இருந்தேன். என் பொண்டாட்டி சுந்தரியக் கேளுங்க. கொறட்ட சத்தம் தாங்கலன்னு நாலு ராத்திரியும் திட்டியிருப்பா.”

“உன் வெரல் சொல்லுதே.”

“வெரல வெச்சது நெசம். சனிக்கெழம வெச்சேன், காலைல அஞ்சு பத்துக்கு. ரத்தினசாமி அண்ணன்தான் கேட்டு தொறந்தாரு.”

“ஆமாங்க,” என்றார் ரத்தினசாமி. “பல்லு வெளக்கினு இருந்தேன்.”

“ரெண்டு பேரும் நல்லா பேசி வெச்சிருக்கீங்க,” என்றார் இஷ்தியாக்.

சுஹேல் தொண்டையைச் செருமிக்கொண்டான். “பச்சையப்பன் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மனுஷன் பொய் சொல்வான். டேட்டா பொய் சொல்லாது.”

“அப்ப எனக்குப் பதிலா டேட்டாவயே டிரம்மு தள்ளச் சொல்லுங்க தம்பி.”

இஷ்தியாக் கையை உயர்த்தினார். அவருக்குக் கத்திப் பழக்கமில்லை. அதுதான் எல்லோருக்கும் பயம். “நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். இன்னிக்கு டிரம்மை இறக்கிட்டுக் கெளம்பு. இருவத்திரண்டு வருஷத்துக்காகப் போலீசுக்குப் போவல.”

பச்சையப்பன் சாயம் படிந்த கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது தனக்குத் தெரியாமல் இரவில் எங்கேயாவது போய்வந்ததா என்பதுபோல.

விசாரணை இனிதே முடிந்ததால் இஷ்தியாக் அடுத்த வேலைக்குப் போனார். “முபஷ்ஷிரா, லண்டன்காரருக்கு போன் போடும்மா, சாம்பிள் போயாச்சுன்னு. இப்ப போட்டா எடுப்பாரா?”

முபஷ்ஷிரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி. ஆற்காட்டிலிருந்து ஆம்பூர்வரை தோல் ஏற்றுமதி செய்யும் எந்த அலுவலகத்திலும், குளிர்காலத்தில் இந்தக் கணக்கு தெரியாதவர் வேலைக்கு இல்லை.

“அங்க இப்ப நாலரை சார். தூங்குவாரு. அஞ்சரை மணி நேரம் கழிக்க—”

அவள் நிறுத்தினாள். அறிக்கையைத் தன் பக்கம் திருப்பினாள். பதினொன்று நாற்பது. பதினொன்று முப்பத்தெட்டு. பதினொன்று நாற்பத்தொன்று. பதினொன்று நாற்பது. ஒவ்வொன்றோடும் ஐந்தரையைக் கூட்டினாள்.

“சார், அண்ணன் அஞ்சு பத்துக்குத்தான் வந்திருக்காரு. கம்ப்யூட்டர்தான் லண்டன் போயிருக்கு.”

“இன்னாது?”

“ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் போயிருக்கு. அன்னிக்குத்தானே சுஹேல் பாய் வந்து அவரோட சிஸ்டத்தைப் போடுவாரு.”

எல்லோரும் சுஹேலைப் பார்க்காமல், மரியாதையாக அறிக்கையைப் பார்த்தார்கள். வருங்கால மாப்பிள்ளை குற்றவாளியாகத் தென்படும்போது மட்டும் காட்டப்படும் மரியாதை அது.

“நான் காட்டறேன் சார்,” என்றாள் முபஷ்ஷிரா.

எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடினார்கள். அவள் லினக்ஸில் ஏற்றினாள். பனிமலை வந்தது, மணி சரியாக இருந்தது. அணைத்தாள். முதலாளி அறைக்குப் போய் இன்டர்நெட் மோடத்தையும் அணைத்தாள். விடியற்காலையில் அந்த அறை பூட்டியிருக்கும், மோடம் ஓடாது என்பது ரத்தினசாமிக்குத் தெரியும். பிறகு கீழ் அம்பு இரண்டு முறை, என்டர். விண்டோஸ் வந்தது. திரையின் மூலையில் மணி நான்கு நாற்பத்தைந்து. சுவரில் பத்தேகால்.

நடந்தது எளிய விஷயம். கம்ப்யூட்டருக்குள்ளே பேட்டரியில் ஓடும் சிறு கடிகாரம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரம் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். லினக்ஸோ அதில் லண்டன் நேரத்தை வைத்துவிட்டு, தேவையானதைக் கூட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைப்பவர் இதை முதலிலேயே சரிசெய்யவேண்டும், ஒரு வரிதான். சுஹேல் பனிமலையைச் சரிசெய்தான். சனிக்கிழமை எட்டு மணிக்கு அறை திறந்து, மோடம் உயிர்பெற்றதும் விண்டோஸ் தன் நேரத்தைத் தானே திருத்திக்கொண்டது, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல். விரல் பெட்டி பதிவதும் விண்டோஸின் நேரத்தைத்தான்; அதற்குள் விரல் வைத்திருந்தவர் ஒருவரே.

“தப்பு லினக்ஸ் மேல இல்ல மாமு,” என்றான் சுஹேல். “உலகம் பூரா அதுதான் சரியான முறை. விண்டோஸ்தான் பழைய பழக்கத்தை விடமாட்டேங்குது.”

“உலகம் பூரா சரியா இருக்கட்டும்பா. மேல்விஷாரத்துல மணி இன்னா?”

சுஹேல் சுவரைப் பார்த்தான்.

இஷ்தியாக் நியாயமானவர். தவறு புலப்பட்டதும் பச்சையப்பனை வேலையை விட்டு அனுப்பும் முடிவை அந்தக் கணமே கைவிட்டார். மன்னிப்புக் கேட்பது என்ற அடுத்த படிக்கு அவர் போகவில்லை. முதலாளி அத்தனை படி இறங்கினால் நிர்வாகம் என்னாவது. மாறாக, ஒரு நடைமுறைச் சிக்கலை எடுத்தார்.

“அடுத்த வாரம் லண்டன் கம்பெனி ஆளுங்க வேலை நேரத்தைப் பாக்க வர்றாங்க. பதினாலு மணி நேரம் வேலை வாங்கிருக்கீங்களேன்னு கேப்பாங்க. பதிவை மாத்த முடியாது. ஃபைல்ல ஒரு லெட்டர் இருக்கணும். பச்சையப்பா, ‘தெரியாம ராத்திரில வந்து வெரல் வெச்சிட்டேன், இனிமே நடக்காது’ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடு.”

“நான் வரல மொதலாளி.”

“தெரியுதுப்பா. சும்மா ஃபைலுக்கு.”

“வேலைய உட்டு போன்னு சொன்னீங்க, எறக்கி வெச்சிட்டுப் போலாம்னுதான் நின்னேன். வராத ராத்திரிக்கு வந்தேன்னு கையெழுத்துப் போட்டா, நாளைக்கு நானே அத படிச்சிட்டு நம்பிடுவேன். லண்டன் போனவங்க போடட்டும்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. டிரம் சுற்றுகிறதா என்று ஒருமுறை வெளியே காது கொடுத்தார், அவ்வளவுதான். மதியம் இரண்டுக்குள் இறக்காவிட்டால் அந்தத் தோலின் நிறம் கெட்டுவிடும். அதை இறக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவரே. இது இஷ்தியாக்குக்கும் நினைவு வந்தது. அவர் மெதுவாகச் சுஹேலின் பக்கம் திரும்பினார். நிக்காஹ்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“சுஹேல், நீயே எழுதிடு.”

சுஹேல் எழுதினான். சுயமரியாதை உள்ளவன் ஆகையால் தன் சிஸ்டத்தில்தான் எழுதுவேன் என்று மறுபடி லினக்ஸில் ஏற்றி, பனிமலையின் முன் அமர்ந்து, ஒரு விரலால் தட்டினான். நான்கு வரிகள். ‘என் கவனக்குறைவால் கம்ப்யூட்டரின் நேரம் மாறியது. திரு. பச்சையப்பன் சனிக்கிழமைகளில் காலை ஐந்து பத்து மணியளவில்தான் வந்தார். டிரம் எதுவும் வெள்ளிக்கிழமை சுற்றவில்லை. இதற்கு நானே பொறுப்பு.’ அச்சிடக் கட்டளை கொடுத்தான். பிரின்டர் அசையவில்லை. மீண்டும் கொடுத்தான். பிரின்டரைத் தட்டினான். ஒயரைக் கழற்றி மாட்டினான்.

“பிரின்டருக்கு அதைத் தெரியாது சுஹேல் பாய்,” என்றாள் முபஷ்ஷிரா. “ஒரு மாசமா தெரியாது. நீங்க கேக்கல.”

சுஹேல் கடிதத்தைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ரத்தினசாமி பின்னாலிருந்து, மிகுந்த பணிவோடு, ஒட்டியிருந்த சீட்டை வாசித்தார்.

“கீழ் அம்பு ரெண்டு தபா தம்பி. அப்பறம் என்டர்.”

விண்டோஸ் வந்தது. கடிதம் ஒரு நொடியில் அச்சானது. மோடத்தைத் திரும்பப் போட யாருக்கும் தோன்றவில்லை, முபஷ்ஷிராவுக்குத் தோன்றியிருக்கலாம். அந்த அலுவலகத்தில் எந்தத் தாள் அச்சானாலும் அதன் அடியில் நாளும் நேரமும் தானாக விழும். எதற்கும் ஆதாரம் வேண்டும் என்று இஷ்தியாக் செய்துவைத்த ஏற்பாடு. சுஹேல் கையெழுத்திட்டான். இஷ்தியாக் வாங்கிப் படித்து, பச்சையப்பனிடம் நீட்டினார்.

பச்சையப்பன் சாயம் படாத இரண்டு விரல்களால் தாளைப் பிடித்து, கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். அதற்கும் கீழே பார்த்தார். திங்கட்கிழமை, காலை 5.10.

“இன்னா தம்பி,” என்றார், “அந்நேரத்துக்கு நானும் ரத்தினசாமி அண்ணனும் மட்டுந்தான் இங்க இருப்போம். உங்கள பாக்கவே இல்லியே.”

தாளை முபஷ்ஷிராவிடம் கொடுத்துவிட்டு டிரம்மைப் பார்க்கப் போனார்.