பதினொன்று இருபது, மேசைப்பாறை

டைம் கீப்பர் ஒரு திட்டம் போட உட்கார்ந்தால் வீட்டில் மற்றவர்கள் மூச்சு விடக்கூட நேரம் கேட்டு வாங்க வேண்டும். பஸ் டிப்போவில் பதினெட்டு வருஷமாக அவருக்கு அதுதான் உத்தியோகம். எந்த பஸ் எப்போது கிளம்பும், எங்கே எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கட்டம் போட்ட தாளில் எழுதுவார். பஸ் வராமல் போகலாம், அவர் எழுதின நேரம் வராமல் போனதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதே மாதிரித் தாளை விரித்து, நான்கு கலர் பேனாக்களை வரிசையாக வைத்துக்கொண்டார்.

"வர்ற ஞாயிறு. ஏழு பத்து பஸ். எட்டு இருபதுக்கு பார்க் கேட்டு. டிக்கெட் வாங்க ஆறு நிமிஷம்."

"அஞ்சு போதாதா?" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"முன்னாடி நிக்கிறவன் கதை பேசுவான். அதுக்கு ஒண்ணு."

மாடிப்படியின் கடைசிப் படியில் டீ குடித்துக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் சிரித்துவிட்டார். மேல் அறையில் குடியிருப்பவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். தங்கையின் இரண்டு பிள்ளைகளுக்கும் மாமா. அலுவலகத்தில் அவரை மதகுக்காரர் என்பார்கள். டைம் கீப்பர் இப்போது திட்டம் போடுகிறாரே, அந்தத் தேசியப் பூங்காவின் உச்சியில் இருக்கும் மேல் ஏரியின் மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. மலையில் படிப்படியாக ஏழு ஏரிகள், நடுநடுவே நான்கு அருவிகள். வாரம் முழுக்கத் தண்ணீரை மேலே தேக்கி வைத்து, ஞாயிறு காலை பதினோரு மணிக்குத் திறந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் அருவி அருவியாக இருக்கும். மாமா இத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தும் இந்தக் குடும்பம் ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

"ரெண்டாவது ஏரி, ஒம்பது நாப்பது. மூணாவது அருவிக்குக் கீழே இறங்க ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு, ரொம்பப் பேருக்குத் தெரியாது. பதினொண்ணு இருபது, மேசைப்பாறை. அங்கதான் சாப்பாடு, போட்டோ. இருபத்தஞ்சு நிமிஷம்."

மதகுக்காரருக்கு டீ புரையேறியது.

பதினொன்றுக்கு மதகைத் திறந்தால் பதினொன்று இருபத்தைந்துக்குத் தண்ணீர் மேசைப்பாறைக்கு வரும். வரும் என்றால் வந்து காலை நனைக்காது, ஆளுயரத்துக்கு வரும். பதினோரு வருஷமாக அவர் கடிகாரம் பார்த்த கணக்கு அது.

"மாப்ள, அந்தப் பாறை வேண்டாமே. தண்ணி வர்ற இடம்."

"தெரியும் மச்சான்." டைம் கீப்பர் பூங்காவின் துண்டுப்பிரசுரத்தை எடுத்துக் காட்டினார். "இதுல போட்டிருக்கே. திறக்கறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி மூணு தடவை சங்கு ஊதுவாங்க. கேட்டா அந்தப் பாதையிலயே இறங்க மாட்டோம், பாலத்துல நின்னு வேடிக்கை பாப்போம். ஊதுறதே நீங்க. எனக்கென்ன பயம்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. மதகுக்காரர் வாயைத் திறந்தார். தங்கை துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றார்.

சங்கு ஊதி ஒன்பது வாரம் ஆகியிருந்தது.

அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மதகு அறையில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் உண்டு. பக்கத்துக்கு ஒரு ஞாயிறு, ஞாயிற்றுக்கு நான்கு கட்டம்: ஏரி மட்டம் பார்த்தது, சங்கு ஊதியது, பச்சை விளக்கு எரிந்தது, மதகு திறந்தது. ஒவ்வொன்றையும் செய்து முடித்து டிக் போட வேண்டும் என்பது சட்டம். உள்ளே நுழைந்து கையெழுத்துப் போடும்போதே, பேனா கையில் இருக்கிறதே என்று நாலுக்கும் டிக் அடித்துவிடுவது வழக்கம். அங்கே வேலை பார்த்த எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அறையில் பொத்தானை அழுத்தினால் கீழே மூன்றாவது அருவிக் கம்பத்தில் சங்கு ஊதும், ஊதிவிட்டது என்பதற்கு அடையாளம்தான் அறையில் எரியும் பச்சை விளக்கு. அது பாதி நாள் எரியாது. "பல்பு போயிருக்கும், விடு" என்பார்கள்.

ஒன்பது வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு விளக்கு எரியவில்லை. புது பல்பு போட்டும் எரியவில்லை. மறுநாள் மூன்றாவது அருவி வரை இறங்கிப் போய்ப் பார்த்தார். கம்பத்தில் சங்குப் பெட்டி இடி விழுந்து கரியாகிக் கிடந்தது. எழுதிப் போட வேண்டியதுதான். ஆனால் புத்தகத்தில் நேற்றுத் தேதியில் அவர் கையால் டிக் இருந்தது. ஊதாத சங்கை ஊதியதாக எழுதி மதகைத் திறந்தவனுக்கு வேலை இருக்குமா? அடுத்த வாரம் எழுதலாம் என்று விட்டார். அடுத்த வாரம் இரண்டு டிக் ஆயிற்று, அதற்கடுத்த வாரம் மூன்று. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று அவரே சொல்லிக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடும். மேசைப்பாறைக்கு இறங்குகிற அளவுக்கு யார் இவ்வளவு அக்கறையாகத் திட்டம் போடுகிறார்கள்?

இந்த ஆள்தான் போடுகிறார், தன் வீட்டு மேசையிலேயே.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் நெரியும் மாப்ள," என்றார் மெல்ல. "சனிக்கிழமை போங்களேன்."

"சனிக்கிழமை அருவில தண்ணியே இருக்காதே. மொட்டைப் பாறையைப் பாக்கவா பஸ் ஏறிப் போறது?"

"ஈரப் பாறைல பிள்ளைங்க வழுக்கி விழும்னுதான் அண்ணா சொல்றாங்க," என்றாள் தங்கை. "சனிக்கிழமையே போவோம்."

டைம் கீப்பர் பெருமூச்சு விட்டுத் தாளின் தலையில் 'ஞாயிறு' என்பதை அடித்து 'சனி' என்று எழுதினார். "பொண்டாட்டியோட அண்ணன் சொன்னா அப்பீல் ஏது?"

மதகுக்காரர் அன்றிரவு நன்றாகத் தூங்கினார். வாரம் ஒரு நாள் திறக்கும் மதகு, அந்த நாளில் இவர்கள் அங்கே இல்லை. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடும்பம் ஒத்திகை நடை போனது. தெருவைச் சுற்றி வர எட்டு நிமிஷம் என்று கணக்கு. பத்தொன்பது நிமிஷம் ஆயிற்று. காரணம் சின்னவள். ஆறு வயது, வீட்டில் பெயர் நத்தை. வழியில் ஒரு கல் இருந்தால் குனிவாள், எறும்பு இருந்தால் உட்காருவாள், நாய் இருந்தால் அதன் சொந்தக்காரர் யார் என்று விசாரிப்பாள்.

"இவளைக் கூட்டிட்டுப் போனா என் திட்டம் கோவிந்தா," என்றார் டைம் கீப்பர். "மேசைப்பாறைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஒண்ணாயிடும்."

மதகுக்காரர் அப்போது மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். மலைப் பக்கம் மேகம் கறுத்து இறங்கியிருந்தது. இங்கே ஒரு துளி இல்லை, அங்கே கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேல் ஏரியில் சிவப்புக் கோடு என்று ஒன்று உண்டு. தண்ணீர் அதைத் தாண்டினால் கிழமை பார்க்காமல் திறக்கச் சொல்லுவார் எஞ்சினியர். பதினோரு வருஷத்தில் இரண்டே முறை நடந்தது. சனிக்கிழமை மதகு அறையில் சோடாபுட்டி என்பவனுக்கு வேலை. கண்ணாடி தடிமனான அந்த ஆளுக்கு வேலை கற்றுக் கொடுத்தவரே இவர்தான். ஒரு போன் போட்டு மட்டம் என்ன என்று கேட்டிருக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்டால்? அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கீழே வந்தார்.

"நத்தையை என்கிட்ட விட்டுட்டுப் போங்க," என்றார். "நாளைக்கு எனக்கு லீவுதானே. நான் பாத்துக்கறேன்."

எதற்காக அப்படிச் சொன்னோம் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் பிடித்திருக்காது. ஒருத்தியாவது வீட்டில் இருக்கட்டும் என்று நினைக்கிறவனுக்கு, மற்ற மூவருக்கும் என்ன ஆகலாம் என்று தெரிந்தே இருக்கிறது.

நத்தை அழுதாள். டைம் கீப்பருக்கு மனசு கேட்கவில்லை. தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி, சின்னவள் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார். "நீதான் நாளைக்கு இந்த வீட்டு டைம் கீப்பர். சுவர் கடிகாரத்தைப் பாரு. எட்டு இருபது ஆனதும் இந்தக் கட்டத்துல ஒரு டிக். ஒம்பது நாப்பது, இதுல ஒரு டிக். நாங்க எங்க இருக்கோம்னு உனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்." மணி பார்க்கக் கற்றுக்கொண்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. அழுகை நின்றுவிட்டது.

சனிக்கிழமை காலை அப்பா, அம்மா, பெரியவன் மூவரும் ஏழு பத்து பஸ்ஸுக்கு ஆறு ஐம்பதுக்கே போய் நின்றார்கள். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் எல்லாம் பெரியவன் முதுகுப் பையில். தங்கை தெருமுனையில் திரும்பி, மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

நத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். எட்டு இருபதுக்கு ஒரு டிக். ஒன்பது நாற்பதுக்கு ஒரு டிக். பத்தரைக்கு நாலாவது ஏரி, டிக். மதகுக்காரர் அவளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தார். மலைப் பக்கம் பார்க்கவில்லை.

பதினொன்று பத்துக்குப் போன் அடித்தது. சோடாபுட்டி.

"அண்ணே, ஒரு சந்தேகம். புத்தகத்துல சனிக்கிழமைக்குப் பக்கமே இல்லையே. நாளைப் பக்கத்துலயே எழுதிடவா?"

"எதை எழுத?"

"ராத்திரி மழைல சிவப்புக் கோடு தாண்டிடுச்சுண்ணே. எஞ்சினியர் திறக்கச் சொல்லிட்டார். பதினோரு மணிக்குத் திறந்தாச்சு."

அவர் சுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சங்கு?"

"ஊதியாச்சுண்ணே."

"பச்சை விளக்கு எரிஞ்சுதா?"

சோடாபுட்டி சிரித்தான். "நீங்கதானே அண்ணே சொல்லிக் கொடுத்தீங்க? பல்பு போயிருக்கும். நாலு டிக்கும் வந்ததுமே போட்டாச்சு, பக்கம்தான் தெரியல."

"மூடு! மதகை மூடுடா! கீழே என் தங்கச்சி நிக்கிறா!"

மறுமுனையில் நாற்காலி விழும் சத்தம், ஓடும் சத்தம். மதகு முழுக்க இறங்கப் பத்து நிமிஷம் ஆகும். அப்புறம் வருகிற தண்ணீர்தான் நிற்கும். பத்து நிமிஷமாகப் போய்விட்ட தண்ணீரை யார் நிறுத்துவது?

தங்கையின் நம்பரை அழுத்தினார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மாப்பிள்ளையின் நம்பர், அதுவும் அப்படியே. முதல் ஏரிக்கு மேல் சிக்னல் கிடையாது என்று தாளின் அடியில் சிவப்புப் பேனாவில் எழுதியே இருந்தது. பூங்கா அலுவலகத்துக்கு அடித்தார். டிக்கெட் கொடுக்கும் பெண் எடுத்தாள்.

"மேசைப்பாறைக்கா? இங்கேருந்து ஆள் போகணும்னா ஒரு மணி நேரம் நடக்கணுமே சார்," என்றாள். "ஏன் பதறுறீங்க? சங்கு ஊதியிருப்பாங்க. கேட்டதும் மேல ஏறிடுவாங்க."

"சங்கு இல்லம்மா," என்றார் மதகுக்காரர். "சங்கு எரிஞ்சு ஒம்பது வாரம் ஆச்சு. நான்தான் சொல்லல."

ஒன்பது வாரமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! அந்தப் பெண் யாரையோ கூப்பிட்டுக் கத்தினாள், கதவுகள் திறந்தன, எல்லாரும் ஓடினார்கள். ஓடி என்ன? அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடவுளே, இன்றைக்கு ஒரு நாள் அந்த மனுஷன் லேட்டாகட்டும். செருப்பு அறட்டும், வழி தப்பட்டும், பெரியவனுக்கு வயிறு வலிக்கட்டும். பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை.

நாற்காலி நகர்ந்தது. நத்தை இறங்கி, பென்சிலை எடுத்துக்கொண்டு தாளின் அருகே போனாள்.

"மாமா, பதினொண்ணு இருபது ஆயிடுச்சு. மேசைப்பாறை."

அவர் போனைக் காதில் இன்னும் அழுத்தினார்.

"நான் இருந்திருந்தா லேட்டாயிருக்கும். நான் இல்லல்ல? அதான் அப்பா கரெக்டா போயிருப்பார்." சொல்லிவிட்டு நுனிக்காலில் எம்பிப் பென்சிலை உயர்த்தினாள். "டிக் போட்டுடறேன்."

அவர் போனைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போடாதடா கண்ணு. போடாத."

"ஏன் மாமா? டைம் ஆயிடுச்சே?"

"பாக்காம போடக் கூடாதும்மா," என்றார். அவர் அழுவதைப் பார்த்து அவளும் அழத் தொடங்கினாள். கீழே கிடந்த போனிலிருந்து அந்தப் பெண் 'சார், சார்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.