சாத்தியிருந்த கதவு

என் புருஷன் நுமேரியுஸ் மக்கள் காவலராகத் தேர்வான நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தியதில்லை. அதுதான் விதி. மேட்டுக்குடி அதிகாரிகள் எவனையாவது அடிக்க இழுத்துப்போனால் அவன் எந்நேரமும் இங்கே ஓடிவரலாம். காவலர் நடுவில் வந்து நின்றால் போதும், அவரை யாரும் தொடக்கூடாது. இந்த ஒரு உரிமைக்காகத்தான் எங்கள் ஜனங்கள் ஏரையும் பட்டறையையும் அப்படியே போட்டுவிட்டு ரோமாபுரியை விட்டே வெளியேறிப்போய் உட்கார்ந்தார்கள். எல்லாம் பெருமைதான். தெருநாய் அடுப்படிவரை வந்து போகிறதே, அதை யார் கேட்பது?

அன்று நாங்கள் குடியிருக்கும் அவெந்தீன் மேட்டில் வாடைக்காற்று பேயாய் அடித்தது. என் சின்னவள் தெர்த்தியாவுக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல். இருமி இருமி முகமே நீலம் பாரித்துவிட்டது. அவர் உள்ளறையில் கண்ணயர்ந்திருந்தார். கஞ்சி காய்ச்சும் நேரம்தானே என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

படபடவென்று தட்டும் சத்தம். "வர்றேன்யா, கதவ ஒடச்சிராத!" என்று குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு திறந்தேன். வாசலில் யாருமில்லை. தெருமுனையில் தோல் பதனிடுகிற துல்லுஸை கான்சல் என்ற தலைமை அதிகாரியின் சேவகர்கள் தரதரவென்று இழுத்துப்போனார்கள். மூன்று வருஷம் தொடர்ந்து போருக்குப் போனவன், நாலாவது தடவை மாட்டேன் என்றிருக்கிறான். நான் அவரை எழுப்பி, அவர் சந்தைத்திடலுக்கு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டு அடி விழுந்துவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாளைக்கு சபையில கேப்பாங்க. நான் பொய் சொல்லமாட்டேன்" என்றார். காவலர் கதவைச் சாத்தினார் என்று தெரிந்தால் அவர் பதவி போகும். அதோடு விடுவார்களா? இவர்களுக்கு எதற்குக் காவலர் என்று அந்த உரிமையையே பிடுங்கிக்கொள்வார்கள்.

மறுநாள் சபை கூடிய திடலில் நிற்க இடமில்லை. மேட்டுக்குடி இளைஞன் ஒருவன் சிரித்துக்கொண்டே துல்லுஸிடம் கேட்டான்: "காவலர் வீட்டுக்கு ஓடினியே, கதவு தெறந்திருந்துச்சா?"

"எந்தக் கதவு? நான் அந்தப் பக்கமே போகலையே."

"நீ தட்டுனத சேவகனுங்க பாத்திருக்காங்க."

"உங்க வீட்டு ஒயின குடிச்சிட்டுப் பாத்திருப்பானுங்க!"

திடலே சிரித்தது. என் புருஷன் எழுந்து வாயைத் திறந்தார். துல்லுஸ் திரும்பிப் பார்த்தான். "உக்காருங்க காவலரே. உங்கள யாரும் கேக்கல."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான்.

கூட்டம் கலைந்ததும் ஆலிவ் எண்ணெய் எடுத்துக்கொண்டு துல்லுஸ் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. வெந்நீர்க் கிண்ணத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள். அவன் முதுகில் சட்டை புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

"தம்பி, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குக்கா?" என்றான். "தட்டுறப்ப இருமுற சத்தம் கேட்டுச்சு."

அவன் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்து, முதுகை எனக்குக் காட்டினான். நான் துணியை நனைக்க ஆரம்பித்தேன்.