இடம் தப்பிய வெட்டு

மர ஆலையின் கண்ணாடி அறையில் தூலிக்கி காலை ஆறு மணியிலிருந்து மரக்கணுக்களைக் கிளிக் செய்துகொண்டிருந்தாள். பலகையின் படம் திரையில் வரும். கணு மேல் மவுஸால் ஒரு தட்டு தட்டினால், அடுத்த கூடத்தில் ரம்பம் அந்த இடத்தை வெட்டி எறியும். புதுப் புரோகிராம் வந்த மூன்று மாதமாக வெட்டு வேறெங்கோ விழுந்தது. நல்ல மரம் துண்டாகிப்போக, கணு சவுக்கியமாக ஜன்னல் சட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மேற்பார்வையாளர் ரைமோ இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். மூன்றாவது வந்தால், ஐம்பத்தொன்பது வயதில் வெளியே பனியில் பலகை அடுக்கப் போக வேண்டும். கண்ணைச் சோதிக்கவும் சொன்னார். கண்ணாடிக் கடைக்காரர் பார்வையில் ஒரு குறையுமில்லை என்று சொல்லிவிட்டு, மறக்காமல் ஒரு கண்ணாடியையும் தலையில் கட்டிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை, புரோகிராம் எழுதிய ஏரோ நகரத்திலிருந்து வந்து அவள் பின்னால் நின்றான்.

"படம் ஏன் இத்துனூண்டு இருக்கு?"

"பக்கத்துல கேன்டீன் மெனு தொறந்து வெச்சிருக்கேன்ல. இன்னைக்கு பட்டாணி சூப்பு."

"வியாழக்கிழமைன்னா எப்பவும் பட்டாணி சூப்புதானே?"

"மாத்திட்டாங்கன்னா? யாரை நம்புறது?"

ஏரோ குனிந்து திரையை உற்றுப் பார்த்தான். மற்றவர்கள் எல்லாரும் படத்தைத் திரை முழுக்க வைத்திருந்தார்கள். இவள் ஒதுக்கிச் சுருக்கியிருந்தாள். படம் சுருங்கினால் கிளிக் விழுந்த இடத்தை அதே அளவுக்குப் பெருக்கி ரம்பத்துக்கு அனுப்ப வேண்டும். அவன் அதை எழுதவே மறந்திருந்தான்.

"தப்பு என்னோடதுங்க," என்றான், முகம் சிவந்து.

"அப்போ இந்தக் கண்ணாடி?"

"அது... உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு."

இரண்டே வரி. பத்து நிமிடத்தில் திருத்திவிட்டு ரைமோவிடம் போய் நடந்ததைச் சொன்னான்.

"பரவாயில்லையே, கண்டுபிடிச்சிட்டியே!" என்றார் ரைமோ.

"அந்த ரெண்டு கடிதத்தையும் கிழிச்சுடுங்க."

"தாராளமா. ஆனா வேலை நேரத்துல மெனு பாத்திருக்கா. உன் வாயாலதானே சொன்னே? அது வேற மூணு மாசமா. மாசத்துக்கு ஒரு கடிதம்னு வெச்சாலும் மூணு ஆச்சே."

ஏரோ என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். தன் நாக்கையே கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

மத்தியானம் தூலிக்கி கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். உள்ளே, கடைசியாக அவள் கிளிக் செய்த பலகை ரம்பத்துக்கு வந்தது. கணு மட்டும் தனியே துண்டாகிக் கூடையில் விழுந்தது. ரைமோ அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மயிரிழை பிசகல!" என்று ஏரோவின் தோளில் தட்டினார்.