சின்ன வயதில் கொல்ல வேண்டிய எண்ணம்

அலெக்சாந்திரியா சபையில் வேதத்துக்கு உள்ளர்த்தம் சொல்வதில் பனிஸ்கோஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிணறு என்று எழுதியிருந்தால் அவருக்கு அது வெறும் கிணறா? தோண்டித் தோண்டி ஓர் அர்த்தத்தை மேலே கொண்டுவந்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று மட்டும் அவர் பிரசங்கிக்க எழத் தயங்கினார். பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்கள் அழுது பாடிய சங்கீதப் பாடல்தான் அன்றைய வாசிப்பு. எதிரியின் குழந்தைகளைப் பாறையில் மோதுகிறவன் பாக்கியவான் என்று அது முடியும். போன அறுவடையின்போது, கிறிஸ்தவர்களைத் தேடி வந்த சிப்பாய் ஒருவன் அவருடைய தங்கை தயேசிஸின் கைக்குழந்தையைப் பிடுங்கிச் சுவரில் அடித்துக் கொன்றான். அதன்பிறகு அவள் சபைப் பக்கமே வரவில்லை. இன்றைக்கென்று பார்த்து வந்து, பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றாள். கிறிஸ்துவின் நினைவாகச் சபையில் பகிரும் அப்பத்துக்கு அவளை மறுபடி அழைத்துவந்துவிட வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஒரே ஆசை.

பனிஸ்கோஸ் வழக்கம்போல விளக்கினார். கடவுளாவது, பிள்ளைகளைக் கொல்லச் சொல்வதாவது! குழந்தைகள் என்பவை நமக்குள் பிறக்கும் கெட்ட எண்ணங்கள். பாறை என்பது கிறிஸ்து. வளர விடாமல், சின்னதாக இருக்கும்போதே அவற்றை அவர்மேல் மோதி அழித்துவிட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கை நின்ற பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

பிரசங்கம் முடிந்ததும் தயேசிஸ் வெளியே போய் வாசலில் நின்றாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

"நல்லாப் பேசினே அண்ணே. அந்தச் சிப்பாய்தான் பாக்கியவானோன்னு பயந்துட்டே இருந்தேன். இல்லேன்னு ஆயிடுச்சு."

அவருக்கு உயிர் வந்தது. "உள்ள வாம்மா. அப்பம் வாங்கிக்கோ."

அவள் அசையவில்லை. "அவனுக்கும் ஒரு புள்ள இருக்குண்ணே. துறைமுகத்துப் பக்கம் வீடு. தினம் போய்ப் பாத்துட்டு வரேன். அதைத் தூக்கி..."

"சொல்லாத!"

"இதைத்தானே கெட்ட எண்ணம்னு சொன்னே?"

"ஆமாம்மா. இப்பவே அதை விட்டுடு."

"சின்னதா இருக்கறப்பவே கொல்லணும்னியே. இது வளந்துடுச்சுண்ணே. ராத்திரி இதோடதான் படுக்கறேன், காலையில இதோடதான் எந்திரிக்கறேன். ஒண்ணை அவன் கொன்னுட்டான். இதையும் நானே கொன்னுட்டா, அப்புறம் எனக்குன்னு யாரு இருக்கா?"

அப்பம் பிட்கும் நேரமாகிவிட்டது என்று உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. அவள் துறைமுகப் பக்கம் திரும்பி நடந்ததும், அழுதுகொண்டே அவள் பின்னால் போனார்.