கட்டிலில் ஒரு நோயாளி

என் வீட்டைச் சோதனை போட வாரண்ட் கேட்டுப் போலீஸ் கொடுத்த பிரமாணப் பத்திரத்தை என் வக்கீல் பிரிட்சார்ட் அம்மாள் என் பக்கம் தள்ளினாள். நிலவறையில் நான்கு கஞ்சாச் செடிகள், அவற்றை வளர்க்க ஒரு சிவப்பு விளக்கு, பின்னறைக் கட்டிலில் ஒரு நோயாளி. தகவல் சொன்னவன் பெயர் இல்லை. அவன் எப்போது பார்த்தான் என்றும் இல்லை.

"கட்டில்ல யாரு?" என்றாள்.

"என் வீட்டுக்காரர் ஹார்லன். செத்துப் பதினாலு மாசம் ஆச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வீட்டைப் புரட்டினது போன மாசம். செத்த மனுஷனைக் கட்டில்ல படுக்க வெச்சு வாரண்ட் வாங்கியிருக்காங்க. தகவல் ஊசிப்போச்சு நோரீன். நாம ஜெயிச்சாச்சு."

தோற்றால் சிறை; பள்ளிக்கூடச் சமையலறை வேலையும் போகும். சந்தோஷப்பட வேண்டியவள்தான். எனக்கோ அந்தக் கட்டில் வரியை விட்டுக் கண் நகரவில்லை. புற்றுநோய் மருந்தால் ஹார்லனுக்கு ஒரு ஸ்பூன் சூப்கூடத் தங்காத நாட்களில், குமட்டலை அடக்கக் கஞ்சா வளர்த்த அந்த நிலவறைக்கு இறங்கியவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருவன் செடிக்குத் தண்ணீர் சுமந்த என் தம்பி டெல்பர்ட்.

ஹார்லன் போனதும் செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். அவர் கையால் மூடிய ஒரு கஞ்சா ஜாடியை மட்டும் எறிய மனம் வரவில்லை. போலீஸ் எடுத்துப்போனது அதைத்தான்.

மறுநாள் நீதிபதி இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், பிறகு போலீஸ்காரரைப் பார்த்தார். இவ்வளவு பழைய தகவலை வைத்து ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது, ஜாடி சாட்சியம் ஆகாது என்றார். வழக்கு அதோடு முடிந்தது.

கோர்ட் வாசலில் டெல்பர்ட் வண்டியோடு காத்திருந்தான். குடித்துவிட்டு ஓட்டி மாட்டிக்கொண்ட அவன் வழக்கு போன மாதம் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. அதற்காகச் சர்ச்சில் மண்டியிட்டு நன்றி சொன்ன முட்டாள் நான்.

"ஏறுக்கா. ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்ல?"

"நீதானேடா?"

ஸ்டீயரிங்கைத் தடவினான். "கஞ்சா வெச்சிருக்கிற ஒருத்தர் பேராவது குடுத்தாத்தான் என் கேஸை விடுவோம்னு போலீஸ்ல சொன்னாங்க. செடியெல்லாம் நீ எப்பவோ எடுத்திருப்பேன்னு தெரியும். போய்ப் பாத்துட்டு வெறுங்கையோட திரும்பிடுவாங்கன்னு நெனச்சேன்."

"கட்டில்ல ஆள் இருக்குன்னு சொல்லியிருக்கே. அவர் சவப்பெட்டியைத் தூக்கினவன்டா நீ."

"எப்பப் பாத்தேன்னு அவங்க கேக்கலை. நானும் சொல்லலை. விடுக்கா, பழைய கதை. ஜட்ஜே சொல்லிட்டாரு."

"ஜட்ஜுக்குப் பழசு. எனக்கு நேத்துதான்டா தெரிஞ்சது."

வீட்டுக்கு எட்டு மைல். நடந்தேன். அவன் வெகுதூரம் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை மாதிரி வளர்த்தவனின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.