அந்த இரண்டு வரி

"மறுபடியும் படபடன்னு வருது. கொஞ்சம் வந்து பாக்க முடியுமா?"

போனில் அவள் இவ்வளவுதான் சொன்னாள். கல்லூரிக் கணினி ஆய்வகத்தில், பழுதான கீபோர்டுகளுக்கு நடுவே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தவன், முதல் வாயை விழுங்கியும் விழுங்காமலும் "இதோ வரேன்" என்றான். டப்பாவை அப்படியே மூடினான். மேலதிகாரியிடம் வயிற்றுவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்து பைக்கைக் கிளப்பும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. விவாகரத்தான மனைவியின் கம்ப்யூட்டர் மக்கர் செய்ததற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆள் இந்த உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

அவளுக்குப் புத்தகம் படிப்பதுதான் தொழில். கதையோ கட்டுரையோ, கம்பெனி அனுப்புவதை வீட்டுச் சாமான் அறைக்குள் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்து, பதிவு செய்து கொடுக்க வேண்டும். காதில் ஹெட்போன் இருக்கும். அவள் குரல் அவளுக்கே கேட்டபடி இருக்கும். மைக்கிலிருந்து குரலை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, திரும்ப வாங்கிக் காதில் சேர்ப்பது ஓர் ஆடியோ பெட்டி. கல்யாணமான புதிதில் இருவரும் போய்ப் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியது. செய்த கம்பெனியே அதைக் கைகழுவிய பிறகு, பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸைப் போட்டு அதற்கு உயிர் கொடுத்தவன் இவன். உயிர் வந்ததே தவிர பிடிவாதம் போகவில்லை. குரலைச் சற்றுத் தேக்கிவைத்து அனுப்பும் பஃபரைப் பெரிதாக வைத்தால் சத்தம் சுத்தமாக இருக்கும், ஆனால் சொன்ன சொல் காதுக்கு ஒரு கணம் பிந்தி வரும். தன் குரலே பின்னாலிருந்து இடறிவிட, நாக்கு குழறும். சிறிதாக வைத்தால் குரல் உடனுக்குடன் வரும், கூடவே தகரக் கூரையில் மழை விழுவதுபோல் படபடவென்று ஒரு சத்தமும் வரும். கம்ப்யூட்டர் வரைக்கும் போகாமல் பெட்டிக்குள்ளேயே குரலைத் திருப்பிவிடும் வசதி ஒன்று உண்டு. அதைத் திறந்துவிடும் மென்பொருள் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

மருந்து இரண்டே வரிதான். பிராசசர் இடையிடையே கண்ணயர்ந்துவிடாமல் முழு வேகத்தில் வைக்க ஒரு கட்டளை. பெட்டியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிள் வழியாக வருகிறதற்கு வரிசையில் முதல் இடம் கொடுக்க இன்னொன்று. தட்டினால் தீர்ந்தது, பஃபர் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் குரல் தெளிந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் இரண்டும் மறந்துபோகும். தானாக ஓடும்படி ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைப்பது கால் மணி நேர வேலை. ஒன்றாக இருந்த காலத்தில் சோம்பேறித்தனத்தால் அதைச் செய்யவில்லை. பிரிந்த பிறகு வேண்டுமென்றே செய்யவில்லை. மின்சாரம் போனாலோ, எதையாவது புதுப்பித்தாலோ பெட்டி படபடக்கும். அவள் கூப்பிடுவாள். அவன் போவான். புதுப் பெட்டி வாங்கலாமா என்று அவள் கேட்டபோதெல்லாம், "இந்த மாதிரி பெட்டியெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்ல" என்று சொல்லி அந்தப் பேச்சை அமுக்கிவிட்டான். அதில் பாதி உண்மையும் இருந்தது.

அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. சண்டை போட்டிருந்தால் நாலு வார்த்தை பேசியாவது இருப்பார்கள். இவனுக்கு மனதில் இருப்பதை வாயில் கொண்டுவரத் தெரியாது. அவள் வயிற்றில் தங்கிய ஒன்று தங்காமல் போன சமயத்தில்கூட, மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு, சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்யப் போய்விட்டான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி அன்றைக்கு அவன் அழுதது குழாய்க்கு மட்டும்தான் தெரியும். அதற்கப்புறம் அவர்கள் வீட்டில் பேசப்பட்டதெல்லாம் பால், கேஸ், மின்கட்டணம். கடைசியில் கோர்ட்டில் நீதிபதி கேட்ட கேள்விக்கும் இவன் தலையைத்தான் ஆட்டினான்.

கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் ஹாரன் இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை! மிஷினுக்கு மறுபடியும் சளி புடிச்சிடுச்சா?"

"இப்ப என்னப்பா மாப்பிள்ளை?" என்று மகள் ஒருமுறை கடிந்துகொண்டபோது, "பிரிஞ்சது நீங்க ரெண்டு பேரும். நான் யாரையும் பிரியலையே" என்று சொல்லி அவள் வாயை அடைத்தவர்.

கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. சுவரில் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. அவன் பார்த்தான், வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. பெரியவரே சொன்னார்.

"மூத்த பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, அங்க வந்து இருங்கன்னு. விமானத்துல போற தூரம். ஞாயித்துக்கிழமை கிளம்பறோம். உங்ககிட்ட இவ சொல்லலையா?"

"இல்ல மாமா."

அவர் முகம் சுருங்கியது. "டீ போடறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். "வாங்க" என்றாள். கல்யாணமாகி ஒரு மாதத்தில் "நீ"க்கு வந்தவள், கோர்ட்டிலிருந்து திரும்பிய பிறகு "நீங்க"வுக்குப் போய்விட்டாள். அந்த மரியாதையை ஒவ்வொரு முறையும் அவன் கசப்பு மருந்துபோல் விழுங்கிக்கொள்வான்.

உட்கார்ந்தான். பஃபரைக் கூட்டினான், குறைத்தான். கேபிளைப் பிடுங்கிச் செருகினான். இரண்டு வரியில் முடிகிற வேலையை எப்போதும் அவன் அரை மணி நேரமாவது இழுப்பான். இன்றைக்கு விரல்கள் நிஜமாகவே ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒரு சொல்தான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு உதவி பண்ணணும்," என்றாள் அவள் பின்னாலிருந்து. "அங்க போனா இதப் பாக்க ஆள் கிடையாது. ஆன் பண்ணா தானாவே சரியா வர்ற மாதிரி செஞ்சு குடுத்துடுங்க."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்படிப் பண்ண முடியாது. பழைய பெட்டி. ஒவ்வொரு தடவையும் கையாலதான் செய்யணும். ஏதாவதுன்னா நான் ஒரு லீவு போட்டுட்டு..."

விமானத்தில் போகிற தூரத்துக்குப் படபட சத்தத்தை நிறுத்த லீவு போட்டு வருகிறேன் என்பது எவ்வளவு அபத்தம் என்று, சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்திக்கொண்டான்.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றாள்.

குனிந்து, நின்றவாக்கிலேயே கீபோர்டில் கைவைத்தாள். முதல் வரியை அடித்தாள். இரண்டாவது வரியை அடித்தாள். எழுத்தைத் தேடவில்லை, எங்கும் தயங்கவில்லை. ஹெட்போனில் மழை நின்றது.

அவனுக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. "எப்ப கத்துக்கிட்ட?"

"ரொம்ப நாளாச்சு. பின்னாடி நின்னு பாத்துட்டுதானே இருக்கேன்."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்ட?"

சமையலறையில் பாத்திரம் விழுந்து உருண்டு ஓய்ந்தது.

"நீ வருவேல்ல. அதுக்குத்தான்," என்றாள். "ஒவ்வொரு தடவையும் வருவ. குனிஞ்சு உக்காந்து சரி பண்ணுவ. இப்ப கேக்குதான்னு கேப்ப. செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிடுவ. இன்னைக்காவது வேற ஏதாவது கேப்பான், கேப்பான்னு நானும் பாத்துட்டேன். போதும்ப்பா. என்னால இனிமே முடியல."

அழாமல்தான் சொன்னாள். படித்துப் படித்துப் பழகிய குரல், ஒரு சொல்லும் பிசிறடிக்கவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும், தண்ணீராவது கொண்டுவந்து கொடுத்திருப்பான். தான் அவளைக் கட்டி வைத்திருந்ததாக நினைத்த கயிற்றின் மறுமுனையை இத்தனை நாள் அவளும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பது நெஞ்சில் இறங்கியபோது, அவனுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அழவில்லை. திரையைப் பார்த்துத் திரும்பினான். கோப்பு ஒன்றைத் திறந்தான். அந்த இரண்டு வரியையும் எழுதினான். கம்ப்யூட்டர் எழும்போதே ஓட வேண்டும் என்று சொல்லிவைத்தான். இத்தனை காலம் செய்யாத வேலையை, ஒரு பிழையும் இல்லாமல் செய்து முடித்தான்.

"அணைச்சுட்டுப் போட்டுப் பாக்கணும்," என்றான்.

திரை இருண்டது. இருவரும் அந்தக் கறுப்பில் தெரிந்த தங்கள் முகங்களைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் மெதுவாக எழுந்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு யார் கையும் படாமல் தானாகவே நீலமானது.

"பேசிப் பாத்துடலாம்," என்று அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவன் எழுந்துகொள்ள, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க உள்ள போய்ப் பேசுங்க. நான் கேக்கறேன்."

அந்தச் சாமான் அறைக்குள் அவன் அதிகம் போனதில்லை. எதிரொலிக்காமல் இருக்கச் சுவர்களில் போர்வைகள் தொங்கின. ஒன்று அவர்களுடையது, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்போடு. மைக்குக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தான். பாதி திறந்த கதவு வழியாக மேஜையும் பெட்டியும் அவள் பக்கவாட்டு முகமும் தெரிந்தன.

"ஏதாவது பேசுங்க."

அவன் தொண்டையைச் செருமினான். பெட்டியின் முன்பக்கத்தில், சத்தம் வந்தால் மினுக்கும் சின்னப் பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கியது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு. கேக்குதா?"

"கேக்குது. சுத்தமா கேக்குது." அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வேற ஏதாவது பேசு," என்றாள்.

போகாதே என்று ஒரு சொல் இருந்தது. அன்றைக்குக் குழாயடியில் நானும் அழுதேன் என்று ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைக்கு நான் பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன் என்று ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில். எது முதலில் என்று தெரியாமல் எல்லாம் சேர்ந்து வந்து முட்டிக்கொண்டு நின்றன. அவன் வாயைத் திறந்தான்.

"மாப்பிள்ளை, டீ ஆறுது!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அவள் கண்ணை மூடி, இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் பச்சை விளக்கு, அவன் மூச்சு ஏறி இறங்க, மினுங்கி அணைந்து மினுங்கியது.